வாத்துப் படம் ஓடிய மூன்று வாரம்

தியேட்டரில் வேலை பார்க்கிறவர்களுக்கு எந்தப் படமும் முழுசாகத் தெரியாது. பாட்டு கதவிடுக்கு வழியாகவும், சண்டை சுவர் வழியாகவும், கதை வெளியே வருகிறவர்கள் வாய் வழியாகவும்தான் வந்து சேரும்.

அரியலூரில் ஒரு தியேட்டரில் எட்டு வருஷம் பெண்கள் பக்கத்து டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருந்தேன். படம் தொடங்கியதும் கவுன்டரைச் சாத்திவிட்டு, பெண்கள் வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பதும் நான்தான். நீங்களும் ஜவுளிக்கடையிலோ மருந்துக்கடையிலோ பலகைக்கு அந்தப் பக்கம் நின்றவராக இருந்தால் நான் பட்ட பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும். கேட்கிற கேள்வியில் பாதிக்கு நமக்குப் பதில் தெரியாது. ஆனாலும் தெரிந்த மாதிரி தலையாட்டிவிடுவோம். அப்படி நான் ஒருமுறை தலையாட்டியதால் வந்த சங்கடத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அப்போது கேபிள் டிவியில் தமிழ் பேசும் கார்ட்டூன்கள் வரத் தொடங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதில் ஒன்று, சாயங்காலம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்கு வரும். ஒரு அண்ணன், இரண்டு தங்கைகள், அவர்களோடு ஒரு குண்டு வாத்து. எங்காவது பேய் இருப்பதாகச் சொல்வார்கள். இவர்கள் போய்த் துப்பறிவார்கள். முடிவில் வாத்து பேயின் முகமூடியைக் கவ்வி இழுக்கும், உள்ளே யாராவது ஒரு பேராசைக்காரர் இருப்பார். அந்தக் கார்ட்டூனை வெளிநாட்டில் நிஜ மனிதர்களை நடிக்க வைத்துப் படமாக எடுத்து, தமிழில் பேச வைத்து அனுப்பியிருந்தார்கள். வாத்தை மட்டும் கம்ப்யூட்டரில் செய்திருந்தார்கள்.

போஸ்டரில் இருந்தவர்கள்

படம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே வாசலில் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. சிமென்ட் ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து ஒருவர் தன் மகளை சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் கூட்டிவந்தார். ஆறு வயசு இருக்கும். வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார். சட்டை, புருவம் எல்லாம் சாம்பல் நிறத்தில் தூசி. மகளுக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்க வேண்டுமென்று எதற்கு வந்தோம் என்பதையே சொல்லாமல் கூட்டிவந்திருந்தார்.

போஸ்டர் முன்னால் அவளை இறக்கிவிட்டு, "பாரு, யாரு வந்திருக்காங்கன்னு" என்றார். அவள் வெகுநேரம் பார்த்தாள். அண்ணனாக நடித்தவருக்கு அதே மஞ்சள் சட்டை. தங்கைகளுக்கு அதே பச்சை ரிப்பன். வாத்துக்கு அதே தொப்பை. அப்பா ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்லச் சொல்ல, அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது. "இவங்கதாண்டா நெச மனுசங்க. டிவியில வர்றது வெறும் படம்" என்று அவர் சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நான் கவுன்டரை விட்டு எழுந்து போய், என்னடா கண்ணு என்று கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இவங்க வேசம் போட்டவங்க. நெசமானவங்க டிவியில இருக்காங்க."

முதலில் திருடன், அப்புறம் திருட்டு

எங்கள் முதலாளியின் தம்பிக்குப் பெரம்பலூரில் ஒரு தியேட்டர். இந்தப் படத்துக்கு இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிரதிதான் கிடைத்தது. அங்கே முதல் பாதி ஓடி முடிந்ததும் ரீல் பெட்டியை சகாயம் என்பவர் மொபெட்டில் கட்டி அரியலூருக்குக் கொண்டுவருவார். இங்கே அது ஓடிக்கொண்டிருக்கும்போது திரும்பிப் போய் மறு பாதியை எடுத்துவருவார். பெரம்பலூர் கவுன்டரில் இருந்த பெண் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்ததால் முதல் மூன்று நாள் என்னை அங்கே அனுப்பினார்கள்.

அங்கே ஆபரேட்டர் புதியவர். இரண்டாம் நாள் பகல் காட்சியில் ஆறாவது ரீலை ஐந்தாவதற்கு முன்னால் ஓட்டிவிட்டார். கடலோரத்தில் ஒரு பழைய பங்களா, அதில் விலை உயர்ந்த ஓவியங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன, தாழ்வாரத்தில் வெள்ளையாக ஒரு பேய் மிதக்கிறது. இதுதான் கதை. ரீல் மாறியதில், தோட்டக்காரனை ஓவியத்தோடு பிடித்துக் கட்டிவிட்டார்கள். அடுத்த ரீலில் அதே ஓவியம் சுவரில் தொங்குகிறது, தோட்டக்காரன் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். பிள்ளைகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. வாத்து வந்தால் போதும் அவர்களுக்கு.

மண்டியில் வெங்காயம் போட்டுவிட்டு, ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் படத்துக்கு வந்த குரும்பலூர் விவசாயி ஒருவர் மட்டும் இடைவேளையில் என்னிடம் வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சண்டை போடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கோபமே இல்லாமல், ஆழ்ந்து யோசித்தவர் போலச் சொன்னார்:

"மொதல்ல ஆளப் புடிச்சிக் கட்டிப்புட்டு அப்புறமா திருட்டக் காட்டுறீங்க. தப்பு சொல்லலம்மா, வெளியிலயும் இப்படித்தான நடக்குது."

டீச்சர் கேட்ட கேள்வி

நான் அரியலூர் திரும்பிய மறுநாள் பகலில், கவுன்டர் ஓட்டைக்குள் கைக்குப் பதில் ஒரு முகம் தெரிந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர் நாற்பது வயசுப் பெண். திருமானூர் பக்கம், கொள்ளிடக் கரையை ஒட்டிய ஒரு ஊரில் நடுநிலைப்பள்ளி ஆசிரியை. பெயர் கலைச்செல்வி. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர்கள் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் பெண் பிள்ளைகளுக்கான கக்கூஸ். அதை அடுத்துப் பனங்காடு. இரண்டு மாசமாகப் பனைகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு உருவம் நிற்பதாகப் பிள்ளைகள் சொல்ல, யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. போக வேண்டிவருமே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. பிரார்த்தனைக் கூட்டத்தில் இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். ஒருத்தி நீர்க்கடுப்பு வந்து ஜன்னியில் படுத்துவிட்டாள். எட்டாம் வகுப்பில் மூன்று பெண்களை வீட்டில் நிறுத்தியே விட்டார்கள். வயசுக்கு வந்த பெண்ணைப் பேய் நடமாடும் இடத்துக்கு எப்படி அனுப்புவது என்று கேட்கிறார்களாம்.

"அந்தக் கார்ட்டூன்ல ஒரு நாளாச்சும் நெசப் பேயி வந்திருக்கா, பாத்திருக்கீங்களா? எல்லாம் முகமூடிதான். இந்தப் படமும் அப்படித்தான முடியும்?" என்று கேட்டார்.

பெரம்பலூரில் மூன்று நாள் அந்தப் படத்தோடு இருந்தேன். ஆனால் கடைசிப் பகுதியை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. படம் முடிவதற்கு இருபது நிமிஷம் முன்பே அடுத்த காட்சிக்கு டிக்கெட் கொடுக்க நான் கவுன்டருக்குப் போயாக வேண்டும். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஆமாங்க டீச்சர், அப்படித்தான்" என்று தலையாட்டிவிட்டேன். எங்கள் மேனேஜர் பரமசிவம் சாரிடம் நானே பேசி, வெள்ளிக்கிழமை பகல் காட்சியை அந்தப் பள்ளிக்கூடத்துக்கென்று ஒதுக்கி வாங்கிக் கொடுத்தேன். கிளம்பும்போது டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. வாத்து சொன்னா நம்புவாங்க."

பெட்டி வராத நேரம்

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ரயில் மாதிரி வரிசையாக உள்ளே வந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதுதான் முதல் தியேட்டர். திரை இவ்வளவு பெரிதா என்று ஒரு பையன் சுவர் வரை போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். முதல் பாதி நன்றாகப் போனது. வாத்து மெட்ராஸ் பாஷை பேசியதில் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு ரோடு வரை கேட்டது.

இடைவேளை விட்டார்கள். மறு பாதிப் பெட்டி வரவில்லை. கால் மணி, அரை மணி போனது. வழியில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று சாய்ந்து ரோடு அடைத்துக்கொண்டதாக, ஒரு டெலிபோன் பூத்திலிருந்து சகாயம் கூப்பிட்டுச் சொன்னார். பிள்ளைகள் நெளியத் தொடங்கினார்கள். கலைச்செல்வி டீச்சர் திரைக்கு முன்னால் போய் நின்று கையைத் தட்டினார். "சரி, படம் வர்றதுக்குள்ள நாம துப்பறிவோம். பேயி வேசம் போட்டது யாரு? ஒவ்வொருத்தரா காரணத்தோட சொல்லணும்" என்றார்.

தோட்டக்காரன் என்றான் ஒருவன். பங்களாக்காரரின் மாமன் என்றார்கள் பத்துப் பேர். ஒருத்தி வாத்து மேலேயே சந்தேகப்பட்டாள். கடைசி வரிசைக்கு முந்திய வரிசையில் ஒரு பெண் வெகுநேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்பு, பெயர் மகேஸ்வரி. ரெட்டைச் சடை. ஜாக்கெட்டில் பட்டன் போன இடத்தில் ஊக்கு. டீச்சர் கூப்பிட்டதும் எழுந்து நின்றாள். பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்:

"இது நெசப் பேயிதான் டீச்சர், இதுக்குக் காலே இல்ல. நம்ம பள்ளிக்கூடத்துப் பேயிதான் செருப்பு போட்டிருக்கு."

கடைசி இருபது நிமிஷம்

பெட்டி வந்தது. நான் அன்று கவுன்டருக்குப் போகவில்லை. கதவில் சாய்ந்து நின்று, அந்தப் படத்தின் முடிவை முதல்முறையாகப் பார்த்தேன். அண்ணன் வலை வீசுகிறான். தங்கைகள் விளக்கைப் போடுகிறார்கள். வாத்து பாய்ந்து பேயின் முகத்தைக் கவ்வி இழுக்கிறது. இழுத்த இடத்தில் முகமே இல்லை. வெறும் புகை. படம் எடுத்தவர்களுக்குக் கார்ட்டூன் மாதிரியே முடித்தால் போதவில்லை போலிருக்கிறது. நிஜப் பேயாகவே ஆக்கிவிட்டார்கள். அது திரை முழுக்க வாயைத் திறந்து கத்தியதும், முன் வரிசைக் குட்டிகள் கத்திக்கொண்டு நாற்காலிக்கு அடியில் புகுந்தார்கள். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

படம் முடிந்தும் ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வெளியே வர மாட்டேன் என்றார்கள். வெளியில் வெயில் கொளுத்துகிறது, இருட்டு மண்டபத்தை விட்டு வெளிச்சத்துக்கு வரவே பயம். என்ன செய்வதென்று தெரியாமல் மாடிக்கு ஓடி, ஆபரேட்டர் செல்வராசு அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அதிகம் பேசாத மனிதர் அவர். மெஷின் ரூமுக்குள் மேனேஜரையே விட மாட்டார். "அஞ்சஞ்சு பேரா அனுப்பு" என்றார். பிள்ளைகளை வரிசையாக மேலே ஏற்றினேன். அவர் கடைசி ரீலைக் கொஞ்சம் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கட்டம். அதற்குள் புகையும் வாயுமாக அந்தப் பேய். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அதன் பக்கத்தில் தன் விரலை வைத்து அளந்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டான்:

"இத்தனூண்டுக்கா கத்துனோம்?"

லாரிக்காரர் சொன்ன முடிவு

அந்த வாரத்தில் ஒரு ஆள் தனியாக மூன்று தடவை வந்தார். குழந்தைகள் படத்துக்கு, குழந்தை இல்லாமல், முப்பத்தைந்து வயசு ஆண். மேனேஜருக்குச் சந்தேகம். "என்னன்னு கேளும்மா" என்று என்னிடம் சொன்னார். கேட்டேன். அவர் பெயர் மாரிமுத்து. சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் அடிக்கும் லாரி டிரைவர். மகனுக்கு எட்டு வயசு. இருதயத்தில் ஓட்டை என்று திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். வார்டில் டிவி கிடையாது. வாத்துப் படம் வந்திருக்கிறது என்று யாரோ சொல்லிவிட, பையன் அடம் பிடிக்கிறான்: நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து கதையைச் சொல்லு.

முதல் தடவை வண்டி ஓட்டிய அலுப்பில் தூங்கிவிட்டாராம். பையன் கேட்ட கேள்வியில் மாட்டிக்கொண்டார். இரண்டாம் தடவை முழுசாகப் பார்த்துப் போய்ச் சொன்னார். பெரிய தங்கச்சி கையில் டார்ச்சா, மெழுகுவர்த்தியா என்று கேட்டிருக்கிறான், தெரியவில்லை. அதற்காக மூன்றாம் தடவை. மேனேஜர் இதைக் கேட்டுவிட்டு அதற்கப்புறம் அவரை டிக்கெட் எடுக்க விடவில்லை. "சும்மா போய் உக்காருங்க" என்றார்.

படத்தைத் தியேட்டரை விட்டு எடுத்து ஒரு மாசம் கழித்து மாரிமுத்து வந்தார். கையைப் பிடித்தபடி பையன். கழுத்தைச் சுற்றி மஃப்ளர், ஒடிந்துவிடுவான் போல இருந்தான். ஆனால் நடந்து வந்தான். என் கண் கலங்கிவிட்டது. படம் போய்விட்டதே, இவ்வளவு தூரம் வந்தும் பார்க்க முடியவில்லையே என்று நான் வருத்தப்பட்டேன். பையன் போஸ்டர் பலகைப் பக்கம் போகட்டும் என்று காத்திருந்து, அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"போனது நல்லதுதாங்க. ஆபரேசனுக்கு மொத நாளு அவன் பேயி நெசமான்னு கேட்டான், வெறும் முகமூடிதாண்டான்னு சொல்லி வெச்சிருக்கேன்."

சிவப்பு நூல் தைத்த செருப்பு

கலைச்செல்வி டீச்சரை நான் மறுபடி பார்த்தது அதற்குப் பிறகுதான். ஒரு சனிக்கிழமை கடைத்தெருவுக்கு வந்தவர் தியேட்டருக்கும் வந்தார். என் தவறுக்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையமர்த்திவிட்டு, நடந்ததைச் சொன்னார். அதைச் சுருக்கிச் சொல்கிறேன்.

அன்று ஊருக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே மகேஸ்வரியைப் பக்கத்தில் உட்கார வைத்து, "செருப்ப நீ எப்படிடா பாத்த?" என்று கேட்டிருக்கிறார். பேயைப் பார்த்து எல்லோரும் ஓடியபோது இவள் தடுக்கி விழுந்திருக்கிறாள். விழுந்த இடத்திலிருந்து பார்த்தால் கால்தான் தெரிந்தது. "யாரு செருப்பு மாதிரி இருந்துச்சு?" என்று கேட்டதும் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். பஸ் ஊர் போய்ச் சேரும்வரை அழுகை நிற்கவில்லை. டீச்சர் மேலே கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சும்மா பார்த்துப்போக வந்தது போல அவள் வீட்டுக்குப் போனார். வீட்டுக்குள் மகேஸ்வரியின் அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பேய்க்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்ட மூன்று எட்டாம் வகுப்புப் பெண்களில் அவளும் ஒருத்தி. வாசலில் ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு கிடந்தது. அறுந்த வாரைச் சிவப்பு நைலான் நூலால் தைத்திருந்தது. மகேஸ்வரி அந்தச் செருப்பையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

அவள் அம்மா தனலட்சுமி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "என்ன டீச்சர், என் தம்பி செருப்பையே பாக்குறீங்க?" என்றார். டீச்சருக்குச் சொல்வதா வேண்டாமா என்று குழப்பம். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். உள்ளே மகேஸ்வரியின் அக்கா அரிசி புடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சொல்லிவிட்டார். தனலட்சுமி காலிச் சொம்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாராம்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விடும் நேரம். இன்னும் நல்ல வெயில். தனலட்சுமி ஐந்தாறு பெண்களோடு பின்பக்கம் வந்தார். பனைகளுக்கு நடுவே தலையோடு சேர்த்து வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு அந்த உருவம் நின்றது. கூட வந்தவர்கள் கக்கூஸ் சுவரோடு நின்றுவிட்டார்கள். தனலட்சுமி மட்டும் நேராக நடந்தார். உருவம் கையைத் தூக்கி ஆட்டியது. அப்புறம் பின்வாங்கியது. அப்புறம் திரும்பி ஓடப் பார்த்தது. அவர் எட்டிப் பிடித்து வேட்டியை இழுத்தார். உள்ளே அவர் தோளில் தூக்கி வளர்த்த தம்பி. காட்டுக்குள் ஓலை போட்டு மூடியபடி ஆற்று மணல் குவியல் குவியலாகக் கிடந்தது. ஊரில் பெரிய கை ஒருவர், சாயங்காலம் வண்டி கட்டி மணலை வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருக்க இவனைக் கூலிக்கு நிறுத்தியிருந்தார். சொந்த அக்கா மகள்கள் படிக்கும் பள்ளிக்கூடம் என்று தெரிந்தும் நின்றிருக்கிறான். அவன் அழுதுகொண்டே, "தலையோட போத்திக்கிட்டு நின்னா யாருக்கும் தெரியாதுன்னு சொன்னாங்கக்கா, எப்படிக் கண்டுபுடிச்ச?" என்று கேட்டிருக்கிறான். மகளைக் காட்டிக்கொடுக்க தனலட்சுமிக்கு மனமில்லை. அவர் தம்பியிடம் சொன்னதை, டீச்சர் தன் காதால் கேட்டபடியே என்னிடம் சொன்னார்:

"கண்டுபுடிக்க என்னடா இருக்கு? ஒன்னை நடக்கப் பழக்குனவளே நான்தான."

டீச்சரின் புது ஊர்

அன்று அந்தப் பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை. மணல் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சமைத்த சோற்றை அங்கேயே கொண்டுவரச் செய்து சாப்பிட்டார்களாம். மறுநாள் மதியம் அதிகாரிகள் வந்து மணலை ஏற்றிக்கொண்டு போகும்வரை எழுந்திருக்கவில்லை. அந்த வாரமே கக்கூஸைச் சுற்றி இருந்த முள்ளை வெட்டிப் பாதை போட்டார்கள். மகேஸ்வரியின் அக்காவும் மற்ற இரண்டு பெண்களும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார்கள். பிள்ளைகள் தண்ணீர் குடித்தார்கள். தனலட்சுமி தம்பியோடு பேசுவதில்லை. ஆனால் அவனுக்கும் சேர்த்து உலை வைக்கிறார் என்றார் டீச்சர்.

அரையாண்டு லீவு முடிந்த சமயம் கலைச்செல்வி டீச்சர் கடைசியாக ஒருமுறை வந்தார். கையில் டிரங்குப் பெட்டி. பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். பெரம்பலூருக்கும் அந்தப் பக்கம், அவர் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. நிர்வாகக் காரணம் என்று உத்தரவில் போட்டிருந்ததாம். மணல் அள்ளியவரை ஏதாவது செய்தார்களா என்று கேட்டேன். குடியரசு தின விழாவுக்குக் கொடியேற்ற அவரைத்தான் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னார். என் தலையாட்டலில்தானே இதெல்லாம் தொடங்கியது என்று சொல்லி அழுதுவிட்டேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு பஸ் ஹாரன் கேட்டு, அவசரமாகப் பெட்டியை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"விடுங்க, அந்த ஊரு பள்ளிக்கூடத்துலயும் பின்பக்கம்னு ஒண்ணு இருக்கும்ல, போயிப் பாக்கணும்."

பேய் வேஷம் போட வைத்தவர் கொடியேற்ற, வேஷத்தைக் கலைத்தவர் பெட்டி தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதுதான் கார்ட்டூனுக்கும் மனிதர்கள் நடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்று, எட்டு வருஷம் டிக்கெட் கிழித்ததில் நான் தெரிந்துகொண்டேன்.